ஆய்வகத்தில் பிறந்த சிமெண்ட் மூட்டைக்கு வந்த வழி

கேள்வி: பல்கலைக்கழகப் பொறியாளர்கள் புதிய கட்டுமானப் பொருள் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக அடிக்கடி செய்தி வருகிறது, பிறகு அதைப் பற்றிப் பேச்சே இருப்பதில்லை. அவற்றில் ஒன்றாவது வேலைத்தளம் வரை வந்திருக்கிறதா? வந்திருந்தால் எப்படி வந்தது? வீடு கட்டத் தொடங்கியிருக்கும் எனக்கு அதனால் பயன் ஏதும் உண்டா?

உங்கள் ஐயம் நியாயமானதே. கான்கிரீட் பரிசோதனைக் கூடத்தில் நெடுங்காலம் வேலை பார்ப்பவன் என்ற முறையில், ஆய்வகத்தில் நன்றாக இருந்து வேலைத்தளத்தில் காணாமல் போன பொருள்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் வந்து சேர்ந்தவையும் உண்டு. எது வருகிறது, எது வருவதில்லை என்று யோசித்துப் பார்த்தால், பொருளின் புத்திசாலித்தனத்தைவிட வேறொன்றே அதைத் தீர்மானிப்பதாக எனக்குத் தோன்றுகிறது: ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எந்திரங்களிடமும் வேலை செய்துகொண்டிருக்கும் கைகளிடமும் அது எவ்வளவு குறைவாக மாற்றம் கேட்கிறது என்பதுதான் அது. இதற்கு எனக்குத் தெரிந்தவற்றில் நல்ல சான்று எல்சி3 என்னும் சுட்ட களிமண் சிமெண்ட். அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இன்று நாம் வாங்கும் சிமெண்டின் மூதாதை, 1824இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தவரான ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லாண்ட் சிமெண்ட். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் பொடித்துச் சேர்த்து, சுழலும் சூளையில் ஏறத்தாழ 1450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால், கோலிக்குண்டு போலக் கருத்த உருண்டைகள் கிடைக்கும். இதற்குக் கிளிங்கர் என்று பெயர். இதனுடன் கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்ட். சிக்கல் இந்தச் சுடுதலில்தான் இருக்கிறது. ஊர்ப்புறத்துச் சுண்ணாம்புக் காளவாயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே போன கல்லைவிட வெளியே வரும் சுண்ணாம்பின் எடை மிகக் குறைவாக இருக்கும். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் மிஞ்சுவது 56 கிலோ சுண்ணாம்பு. மீதி 44 கிலோவும் கரியமில வாயுவாகக் காற்றில் கலந்துவிடுகிறது. சிமெண்ட் ஆலை வெளியிடும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதன்று, இந்தக் கல்லுக்குள்ளிருந்தே வருவது. ஆகவே நிலக்கரிக்குப் பதிலாகச் சூரிய மின்சாரத்தால் சூளையைச் சூடாக்கினாலும் அந்தப் பாதி குறையாது. உலகம் முழுவதும் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டின் கணக்கில் வருகிறது என்றால், அதன் பெரும்பங்குக்குக் காரணம் கிளிங்கர்தான்.

இதற்கு ஒரே எளிய வழி, மூட்டையில் கிளிங்கரின் பங்கைக் குறைத்து, அதே வேலையைச் செய்யும் வேறொன்றைச் சேர்ப்பது. ஃபிளை ஆஷ் எனப்படும் அனல்மின் நிலையத்துச் சாம்பலைச் சேர்த்த பிபிசி சிமெண்டும், இரும்பு உலைக் கசடைச் சேர்த்த சிமெண்டும் அப்படிப் பிறந்தவையே. ஆனால் இரும்பு உலைக் கசடு உலகில் கிடைப்பதில் பெரும்பகுதி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது. ஃபிளை ஆஷ் இந்தியாவில் தாராளமாகக் கிடைத்தாலும், அதன் தரம் மின்நிலையத்துக்கு மின்நிலையம் மாறும். வேதிவினையும் மெதுவாக நடக்கும். இந்தியத் தரக் குறியீடும் பிபிசியில் ஃபிளை ஆஷின் பங்கை 35 விழுக்காட்டோடு நிறுத்திவைத்திருக்கிறது. நிலக்கரியைக் கைவிட்டுவரும் நாடுகளில் இந்தச் சாம்பலே கிடைக்காமல் போகிறது. ஆக, பூமியில் எங்கும் அள்ளக் கிடைக்கும் பொருள் எது என்று தேடினால் மிஞ்சுவது களிமண்.

களிமண்ணைச் சுட்டுச் சுண்ணாம்போடு சேர்ப்பது நமக்குப் புதிதன்று. செங்கல்லை இடித்துச் சலித்த தூளான சுர்க்கியைச் சுண்ணாம்போடு அரைத்துச் சாந்தாக்கும் முறையைப் பழைய கொத்தனார்கள் நன்கறிவார்கள். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையில் கல்லைப் பிணைத்ததும் சுண்ணாம்பு–சுர்க்கிச் சாந்துதான். சுட்ட களிமண்ணில் இருக்கும் சிலிக்காவும் அலுமினாவும் தண்ணீர் முன்னிலையில் சுண்ணாம்போடு வினைபுரிந்து கெட்டியான பிணைப்புப் பொருளை உண்டாக்குகின்றன. சிமெண்டிலும் இதற்கு இடமுண்டு; ஏனெனில் கிளிங்கர் தண்ணீரோடு சேரும்போது, வலிமை தரும் கூழ்ப்பொருளோடு நீற்றிய சுண்ணாம்பும் துணைப்பொருளாக உண்டாகிறது. அந்தச் சுண்ணாம்பைச் சும்மா கிடக்க விடாமல் வேலை வாங்குவதே சுட்ட களிமண்ணின் பணி.

அப்படியென்றால் பல்கலைக்கழகத்தார் புதிதாக என்ன கண்டுபிடித்தார்கள்? சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் கேரன் ஸ்கிரிவெனரின் குழுவும், கியூபாவின் சான்ட்டா கிளாரா நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஃபெர்னாண்டோ மார்ட்டிரேனாவின் குழுவும் சேர்ந்து செய்த ஆய்வில் வெளிப்பட்டது ஓர் இணைப்பு. சுட்ட களிமண்ணை மட்டும் மிகுதியாகச் சேர்த்தால், அது வினைபுரியத் தேவையான சுண்ணாம்பு ஒரு கட்டத்தில் தீர்ந்துபோகும். சுடாத சுண்ணாம்புக்கல் தூளை மட்டும் சேர்த்தால், சிறிதளவு வரைக்கும் தாங்கும். அதற்கு மேல் அது வெறும் நிரப்பிதான், வலிமை இறங்கிவிடும். இரண்டையும் சேர்த்துப் போட்டபோது நிலைமை மாறியது. களிமண்ணிலிருந்து வரும் அலுமினா சுண்ணாம்புக்கல் தூளோடும் நீற்றிய சுண்ணாம்போடும் சேர்ந்து புதிய படிகங்களை உண்டாக்குகிறது. அவை சிமெண்ட் கூழின் நுண்துளைகளில் வளர்ந்து அடைத்துக்கொள்கின்றன. 2012இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில், சிமெண்டில் 45 விழுக்காட்டை எடுத்துவிட்டு 30 விழுக்காடு சுட்ட களிமண்ணும் 15 விழுக்காடு சுண்ணாம்புக்கல்லும் சேர்த்த கலவை, 7ஆம் நாளிலும் 28ஆம் நாளிலும் முழுச் சிமெண்டையே மிஞ்சிய வலிமை தந்ததாகக் காட்டினார்கள். ஏறக்குறைய பாதிச் சிமெண்டை எடுத்த பிறகு வலிமை கூடியது என்பதை, தினமும் கான்கிரீட் கட்டிகளை உடைத்து எண்களைப் பதியும் எங்களைப் போன்றவர்கள் முதலில் நம்பவில்லை என்பதே உண்மை.

எல்சி3 மூட்டையின் பொதுவான சேர்மானம் கிளிங்கர் 50, சுட்ட களிமண் 30, சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5 என்ற விகிதம். இதில் ஒவ்வொன்றும் ஆலை முதலாளியின் கண்ணோடு பார்க்கத் தக்கது. களிமண்ணை 1450 டிகிரிக்குச் சுட வேண்டியதில்லை; 700 முதல் 850 டிகிரி வரை போதும், களிமண்ணின் உள்ளே பிணைந்திருக்கும் நீர் வெளியேறி அதன் படிக அமைப்பு குலைந்தால் சரி. அப்போது வெளிவருவது நீராவிதான், கரியமில வாயுவன்று. பீங்கான் செய்யும் தூய வெண்களிமண்ணும் தேவையில்லை. கயோலினைட் என்னும் கனிமம் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால், பீங்கான் தொழிலுக்கு ஆகாதென்று சுரங்க ஓரத்தில் கொட்டிவைத்திருக்கும் மண்ணே பயன்படும். சுண்ணாம்புக்கல்லும் இங்கே சுடப்படாமல் அரைக்கப்படுவதால், மக்னீசியம் மிகுந்து கிளிங்கருக்கு ஒதுக்கப்பட்ட கல்லும் செல்லும். பழைய சுழல் சூளையைச் சற்று மாற்றியமைத்தே களிமண்ணைச் சுட்டுக்கொள்ளலாம். அரைக்கும் ஆலை, மூட்டை கட்டும் எந்திரம், லாரி எதிலும் மாற்றமில்லை. நான் தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

இந்தியாவில் டெல்லி, சென்னை, மும்பை ஐஐடிகள் சுவிஸ் அரசின் வளர்ச்சி நிதியுதவியோடு இந்த ஆய்வில் பங்கேற்றன. சென்னை ஐஐடியில் பேராசிரியர் மனு சந்தானம், பேராசிரியர் ரவீந்திர கெட்டு ஆகியோரின் குழுவினர் குறிப்பாக நீடித்துழைப்பைப் பற்றி விரிவாகச் சோதித்தார்கள். கடலோரக் கட்டடத்தில் கம்பி துருப்பிடிப்பதற்குக் காரணம், கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உப்பு ஊறிக் கம்பியை எட்டுவதுதான். எல்சி3 கான்கிரீட்டில் துளைகள் மிகச் சிறிதாகிவிடுவதால் உப்பு நுழையும் வேகம் கலப்பில்லாத சாதாரண சிமெண்டான ஓபிசியில் போட்ட கான்கிரீட்டைவிடப் பல மடங்கு குறைகிறது. தூத்துக்குடியிலோ எண்ணூரிலோ கட்டுபவர்களுக்கு, கரியமில வாயுக் கணக்கைவிட இந்த ஒரு குணமே பெரிய செய்தி என்பது என் கருத்து. இந்தியத் தர நிர்ணய அமைப்பு இந்தச் சிமெண்டுக்கென்று ஐஎஸ் 18189 என்ற குறியீட்டை 2023இல் வெளியிட்டது. கட்டுரை வந்தது 2012, குறியீடு வந்தது 2023, பதினோர் ஆண்டுகள். செய்தியில் படித்த பொருள் மறுநாள் கடைக்கு வராததற்கு ஒரு காரணம் இதுதான். குறியீடு இல்லாத சிமெண்டை எந்தப் பொறியாளரும் தன் கையெழுத்துப் போட்டு வீட்டுத் தூணில் ஊற்ற மாட்டார், ஊற்றவும் கூடாது.

இனி குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது தண்ணீர். சுட்ட களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணியவை, தட்டுத்தட்டாக அடுக்கப்பட்டவை. தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். எங்கள் கூடத்தில் இத்தகைய கலவையை முதன்முதலில் போட்டபோது, குழைவை அளக்கும் கூம்பில் நிரப்பித் தூக்கியதும் கான்கிரீட் அழகாக இறங்கி நின்றது. நாற்பது நிமிடம் கழித்து அதே கலவையை மீண்டும் கூம்பில் நிரப்பித் தூக்கினால், மணல் வீடு போல அப்படியே அசையாமல் நின்றது. கலவை போட்டுக்கொண்டிருந்த மேஸ்திரி கரண்டியால் ஒரு புரட்டுப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், கலவை இழுக்குது, ஒரு குடம் ஊத்திரட்டுமா?" என்றார். இந்தப் பொருளின் உண்மையான சோதனை அந்த ஒரு குடம் தண்ணீர்தான். கூடத்தில் நான் இருந்தேன், தண்ணீருக்குப் பதிலாகக் குழைவூட்டும் ரசாயனத்தைச் சற்றுக் கூட்டினோம், சரியாயிற்று. வேலைத்தளத்தில் யாரும் இல்லையென்றால் குடம்தான் சாயும். அதோடு சேர்ந்து வலிமையும் சாயும். ரெடிமிக்ஸ் ஆலைகளில் ரசாயனத்தின் அளவைத் திருத்திக்கொள்ள முடியும் என்பதால் அங்கே இது பெரிய தடையன்று.

இரண்டாவது, நிறம். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் வியாபாரத்தில் சிரிப்பதற்கில்லை. இரும்புச்சத்துள்ள களிமண்ணைச் சுட்டால் செங்கல் போலச் சிவக்கும். சாம்பல் நிறமில்லாத சிமெண்டை மூட்டை பிரித்துப் பார்க்கும் எந்தக் கொத்தனாரும் கலப்படம் என்றே சொல்வார். ஆகவே சுட்ட களிமண்ணை ஆக்சிஜன் குறைந்த சூழலில் வைத்து ஆறவிட்டு, இரும்பு சிவக்காமல் சாம்பல் நிறத்திலேயே நிற்கச் செய்யும் முறையை ஆலைகள் கைக்கொள்ள வேண்டியிருந்தது. வலிமைக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு காரியத்துக்காக ஆலைக்குள் தனி ஏற்பாடே செய்கிறார்கள்.

மூன்றாவதுதான் பொறியாளர் கவனிக்க வேண்டியது. சுண்ணாம்பையெல்லாம் களிமண் தின்றுவிடுவதால், காற்றிலிருக்கும் கரியமில வாயு உள்ளே நுழையும்போது அதைத் தடுத்துத் தாங்கும் சேமிப்பு குறைவாக இருக்கும். கம்பியைச் சுற்றியிருந்து துருப்பிடிக்காமல் காக்கும் காரத்தன்மை விரைவில் குறையக்கூடும். உப்பை எதிர்ப்பதில் முன்னே நிற்கும் இந்தச் சிமெண்ட், காற்றை எதிர்ப்பதில் சற்றுப் பின்தங்குகிறது. க்யூரிங்கை, அதாவது கான்கிரீட்டை நனைத்து ஈரமாக வைத்திருப்பதை, அரைகுறையாக விட்டால் இந்தக் குறை பெரிதாகும். விளம்பரங்களில் இது வராது என்பதால் இங்கே சொல்லிவைக்கிறேன். கரியமில வாயு 40 விழுக்காடு வரை குறையும் என்று சொல்லப்படுவதும் ஓபிசியோடு ஒப்பிட்டுத்தான். ஏற்கெனவே மூன்றில் ஒரு பங்கு ஃபிளை ஆஷ் கொண்ட பிபிசியோடு ஒப்பிட்டால் ஆதாயம் அவ்வளவு இராது.

நம் மாநிலத்தில் பிறந்து தெருவுக்கு வந்த பொருள் உண்டா என்றால், மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கிய பிளாஸ்டிக் சாலையைச் சொல்ல வேண்டும். அவர் வேதியியல் துறையைச் சேர்ந்தவர் என்றாலும் வேலை முழுக்கப் பொறியியல் வேலை. இதில் தாருக்குள் பிளாஸ்டிக்கை உருக்கிக் கலப்பதில்லை. தார்க் கலவை ஆலையில் ஜல்லியை எப்படியும் 160, 170 டிகிரிக்குச் சூடாக்கித்தான் ஆக வேண்டும். அந்தச் சூடான ஜல்லியின் மேல் துண்டு துண்டாக நறுக்கிய பிளாஸ்டிக் பைகளைத் தூவினால், ஒரு நிமிடத்துக்குள் உருகி ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய பூச்சாக ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் தாரை ஊற்றினால், கல்லைவிடப் பிளாஸ்டிக்கோடு தார் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. மழைநீர் கல்லுக்கும் தாருக்கும் நடுவே புகுந்து தாரை உரித்தெடுப்பதுதான் நம் சாலைகளில் குழி விழுவதற்கு முக்கியமான காரணம். இந்தப் பூச்சு அந்த இடுக்கை அடைத்துவிடுகிறது. ஆலையில் புது எந்திரம் எதுவும் வேண்டாம், நறுக்கிய பிளாஸ்டிக்கைக் கொட்ட ஒரு திறப்பு போதும். இந்தியச் சாலைகள் பேராயம் 2013இல் இதற்கு வழிகாட்டுக் குறியீடு வெளியிட்டது. வாசுதேவனுக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பிவிசியைச் சேர்க்கவே கூடாது. சூட்டில் அதிலிருந்து குளோரின் கலந்த நச்சு வாயுக்கள் கிளம்பும். குப்பையிலிருந்து பிவிசியைப் பிரித்தெடுக்கும் வேலைதான் இதில் கடினமான பகுதி. அது ஆலையில் நடப்பதன்று, குப்பை சேகரிக்கும் இடத்தில் நடக்க வேண்டியது.

இவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது ஜிஎஃப்ஆர்ஜி எனப்படும் கண்ணாடியிழை ஜிப்சம் பலகை. உர ஆலையில் மலைபோல் குவியும் கழிவு ஜிப்சத்திலிருந்து செய்யப்படுவது. ஆஸ்திரேலியாவில் பிறந்த இந்தப் பலகையைச் சுவருக்கு மட்டுமன்றித் தளத்துக்கும் பயன்படுத்தும் முறையையும், நிலநடுக்கத்தைத் தாங்கும் வடிவமைப்பையும் சென்னை ஐஐடி பொறியாளர்கள் உருவாக்கி, 2013இல் தங்கள் வளாகத்திலேயே நான்கு குடியிருப்புகள் கொண்ட இரண்டடுக்குக் கட்டடம் ஒன்றைக் கட்டிக் காட்டினார்கள். வேலை ஒரு மாத அளவில் முடிந்தது. பொருள் நல்ல பொருள். ஆனால் ஒரு பலகை 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், எடை ஒன்றரை டன்னுக்கு மேல். டிரெய்லரும் கிரேனும் திரும்ப முடியாத நம் தெருக்களில் அதை எப்படி இறக்குவது? வரிசையாக நூறு வீடு கட்டும் திட்டத்துக்கு அது பொருந்தும். ஒண்ணரைக் கிரவுண்டில் கட்டும் தனி வீட்டுக்குப் பொருந்துவது அரிது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹெங்க் யோங்கர்ஸ் உருவாக்கிய, விரிசலைப் பாக்டீரியாவே சுண்ணாம்பு கக்கி அடைக்கும் கான்கிரீட்டும் இப்படித்தான். அது வேலை செய்கிறது. ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான விரிசல்களை அடைக்கிறது. ஆனால் பாக்டீரியாவின் வித்துகளையும் அவற்றின் உணவையும் கான்கிரீட்டுக்குள் அடைத்துவைக்கும் செலவைத் தரைக்கடியில் கட்டும் தொட்டிக்கோ சுரங்கப்பாதைக்கோ செய்யலாமே தவிர, வீட்டுத் தளத்துக்குச் செய்ய வேண்டியதில்லை.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இன்றைக்கு ஊர்க் கடையில் கேட்டால் பெரும்பாலும் ஓபிசியும் பிபிசியும்தான் எடுத்துப் போடுவார்கள். சுட்ட களிமண் சிமெண்ட் கிடைத்தால், மூட்டையில் ஐஎஸ் 18189 என்ற எண்ணும் தயாரித்த வாரமும் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். உங்கள் கட்டமைப்புப் பொறியாளரின் ஒப்புதலோடு மட்டுமே தூணுக்கும் உத்திரத்துக்கும் பயன்படுத்துங்கள். கலவை இழுத்தால் குழைவூட்டும் ரசாயனத்தை அவர் சொன்ன அளவில் சேருங்கள். மேஸ்திரி குடத்தைக் கையில் எடுக்கும்போது பக்கத்தில் நீங்களோ உங்கள் ஆளோ இருங்கள். பிபிசி வாங்கினாலும், மூட்டையிலுள்ள குறியீட்டு எண்ணைத் தவிர, இதே நிபந்தனைகள் பொருந்தும். இரண்டுமே கலப்புச் சிமெண்ட் என்பதால் க்யூரிங்கிலும் கூடுதல் கவனம் வேண்டும். ஓபிசிக்கு 7 நாள் க்யூரிங் போதும் என்பது குறியீட்டின் குறைந்த அளவு. கலப்புச் சிமெண்டுக்கு 10 நாளுக்குக் குறையக் கூடாது, சித்திரை வைகாசி வெயிலில் 14 நாள் வரை கொண்டுபோவது நல்லது. தளத்தில் காலையும் மாலையும் ஹோஸ் பிடித்து நனைப்பதை நம்ப வேண்டாம். வார்த்த மறுநாளே மேலே சாந்தால் பாத்தி கட்டி இரண்டு விரல் உயரம் தண்ணீர் நிறுத்துங்கள், தூணுக்கு ஈரச் சாக்கைச் சுற்றி மேலே பாலித்தீன் தாளால் கட்டுங்கள்.